மூன்று மாமனார்களின் எம்.ஏ.

ஒருவருக்கு ஒரு கோப்பை காப்பிகூட வாங்கித் தராமல் அவரிடமிருந்து நன்றி மட்டும் வாங்கிக்கொண்டு போகிற வித்தை தெரிந்தவர் என்று நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், பெயரைப் பயன்படுத்தியதற்கு இவ்வளவு என்று ஒரு சீட்டு அனுப்புவார். என் குணத்துக்கு நானும் பணத்தை அனுப்பிவிடுவேன். ஏற்கெனவே நிறைய அனுப்பிய குடும்பம் எங்களுடையது.

அப்போது மலாயாவில் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் ஒரு தடவை தோற்றுவிட்டு, இரண்டாம் தடவை தோற்பதற்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அந்தத் தயாரிப்புக்கு உதவியாக அப்பா ஒரு வாத்தியாரை அமர்த்தினார். சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டு, குளுவாங் பள்ளிக்கூடமொன்றில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரயிலேறி வருவார். மூன்று வேளையும் எங்கள் வீட்டில் சாப்பாடு. காலையில் இரண்டு அவித்த முட்டை. "மூளைக்கு" என்பார். யாருடைய மூளைக்கு என்று நான் கேட்டதில்லை. எனக்கு முட்டை வந்ததும் இல்லை.

நான் சொன்னபடியே தோற்றேன். அப்பா பாலோ ரயிலடியில் நின்று வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டார்.

"உங்க மேல குத்தமே இல்லைங்க. இவன் மண்டையில ஏறல."

"நான் அப்பவே நினைச்சேன், ஐயா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லல" என்றார் அவர். அதற்கும் அப்பா நன்றி சொன்னார்.

என் படிப்புக்கென்று அப்பா சேர்த்து வைத்திருந்த பணம் அதன் பிறகு வேலையில்லாமல் கிடந்தது. என் தலையில் போட்டால் முளைக்காது என்று நிரூபணமாகிவிட்டதால், முளைக்கிற தலை ஒன்றை அப்பா தேடினார். வாத்தியாரோ எம்.ஏ. படிக்கச் சென்னைக்குத் திரும்பிப் போக வழி தேடிக்கொண்டிருந்தார். இரண்டு தேடலும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சந்தித்தன. என் தங்கை பாக்கியத்துக்கு அப்போது பதினெட்டு வயது. அம்மா போன பிறகு வீட்டை நடத்தியவள் அவள்தான். சமையல் போக மீதி நேரத்தில் தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். மாதம் முப்பது வெள்ளி அப்பா அனுப்புவது, இரண்டு வருடத்தில் எம்.ஏ. முடிப்பது, முடித்த மறுமாதம் கல்யாணம். என்னையும் அப்பா ஆபீசில் சின்னக் கிராணியாகச் சேர்த்துவிட்டார். காலையில் செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணுவது என் வேலை.

சென்னைக்குப் போவதற்கு முன்பே வாத்தியாரிடம் ஏழு கடித உறைகள் இருந்தன. உணவு, உடை, புத்தகம், பயணம், அவசரம், தர்மம், லட்சியம் என்று மேலே எழுதியிருப்பார். கையில் காசு வந்த அன்றே ஏழாகப் பிரித்துப் போட்டுவிடுவார். ‘தர்மம்’ எப்போது பார்த்தாலும் இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாக இருக்கும். உணவு எங்கள் வீட்டில் என்பதால் ‘உணவு’ மாதக் கடைசியில் ‘லட்சியத்து’க்குள் போய்விடும். உணவு தின்று லட்சியம் வளர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் அவரிடம் ஐம்பது காசு கடன் கேட்டேன்.

"எதுக்கு, மச்சான்?"

"பாலோவுல நாடகம் வந்திருக்கு, மாப்பிள்ளை."

அவர் ஏழு உறையையும் மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். "எதுலயும் வரலையே, மச்சான். ஆசைக்கு நான் உறை போடல. உனக்கும் அதைத்தான் சொல்வேன். முதல்ல உறை, அப்புறம் ஆசை."

அன்று நான் நாடகத்துக்குப் போகவில்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தேன். நானும் ஏழு உறை வாங்கினேன். ஆறு உறைக்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏழாவதில் ‘உறை வாங்க’ என்று எழுதினேன். மாதம் தவறாமல் செலவானது அது ஒன்றுதான்.

சென்னைக்குப் போன முதல் வருட விடுமுறையில் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அப்பா இரண்டாம் வகுப்புக் கப்பல் கட்டணம் அனுப்பினார். குறித்த நாளில் ரயிலடிக்குப் போனேன். ஆள் வரவில்லை. மறுநாளும் போனேன். ஒரு வாரம் போனேன். எட்டாம் நாள், தோட்டத்துக்குப் புதிதாக எடுத்த ஆட்கள் வந்த அதே ரயிலில், அதே பெட்டியிலிருந்து, பினாயில் வாசனையோடு இறங்கினார்.

"கப்பல் தாமதம், மச்சான்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, புது ஆள் ஒருவன் ஓடி வந்தான். "அண்ணே, உங்க கஞ்சித் தட்டு எங்கிட்டயே இருந்துருச்சுண்ணே" என்று ஒரு தகரத் தட்டை அவர் கையில் வைத்தான்.

கப்பலில் மேல்தளத்தில் வருகிற கூலி ஆட்களைச் சிங்கப்பூருக்கு எதிரில் ஒரு தீவில் இறக்கி, அம்மைக்காக ஒரு வாரம் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். இரண்டாம் வகுப்புக்காரருக்கு அந்த வாசம் கிடையாது. மாப்பிள்ளை மேல்தளத்தில் வந்து, ஒரு வாரம் சர்க்கார் கஞ்சி குடித்து, மீதியை உறையில் போட்டிருக்கிறார். நான் இதை வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குக் கண் கலங்கியது.

"பாத்தியாடா, சிக்கனத்த. எம்.ஏ. படிக்கிறவர் தட்டேந்திக் கஞ்சி குடிச்சிருக்கார். நீ ரெண்டாவது தடவ பரீட்சைக்குப் போறப்ப புது பூட்ஸ் கேட்டவன்."

அது உண்மைதான். பூட்ஸ் வாங்கியும் தோற்றேன்.

இரண்டு வருடம் முடிந்தது. தயாரிப்பு முழுமையாகவில்லை, தேர்வை ஒரு வருடம் தள்ளிவைக்கிறேன் என்று கடிதம் வந்தது. பாக்கியம் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மடித்துத் தையல் மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். எனக்கு அதன் சூட்சுமம் புரிய நாளானது. படித்துக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் மணியார்டர். படிப்பு முடிந்தால் அதுவும் முடியும். அப்படியிருக்க, அவசரப்பட்டு எம்.ஏ. முடிக்கிறவன் பைத்தியக்காரன். இது முன்பே தெரிந்திருந்தால் நான் இன்றுவரை சீனியர் கேம்பிரிட்ஜ் மாணவனாகவே இருந்திருப்பேன்.

கடிதத்தோடு அப்பாவின் மனம் குளிர ஒரு புகைப்படமும் வந்திருந்தது. கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம், பின்னால் சீலையில் வரைந்த தூண். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அப்பா என்னைக் குளுவாங்குக்கு அனுப்பினார். அந்த வட்டாரத்தில் சட்டம் போடுகிற கடை அங்கே ஒன்றுதான். ஒரு சீனக் கிழவர் வைத்திருந்தார். படத்தை வாங்கினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இனி மூக்கா சூடா தீகா காலி லா" என்றார்.

இந்த முகம் ஏற்கெனவே மூன்று தடவை ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே போய் இரண்டு படங்களைக் கொண்டு வந்து, என் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். அதே அங்கி, அதே காகிதம், அதே தூண். மூன்று மாப்பிள்ளைகளும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி சிரித்தார்கள். ஒன்றின் முதுகில் லாயாங் லாயாங் என்ற ஊரின் மளிகைக்கடைக்காரர் பெயர். மற்றதன் முதுகில் குளுவாங்குக்கு அந்தப் பக்கத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் பெயர். இரண்டு பேருக்கும் கல்யாண வயதில் ஆளுக்கு ஒரு பெண் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

ஏழு உறையில் எல்லாவற்றையும் திட்டம் போட்ட மனிதர், ஒரு ரயில் பாதையில் ஒரே ஒரு சட்டக் கடைதான் என்பதை மறந்துபோனார். நானோ தினமும் முந்நூறு ஆட்களை எண்ணிவிட்டு, வீட்டு மாப்பிள்ளைக்கு எத்தனை மாமனார் என்று எண்ணாமல் இருந்தவன். யாரும் யாரையும் சொல்வதற்கில்லை.

மூன்று பேர் ஒரே சட்டம் போட்டால் விலை குறையுமா என்று கிழவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். குறைத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சென்னைக்குக் கப்பல் ஏறுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கங்காணி எவ்வளவு அனுப்புறானாம்?"

"முப்பத்தஞ்சுன்னு கேள்வி."

"நம்மள விட அஞ்சு வெள்ளி கூடவா? படிப்பு வாசனையே இல்லாதவன். அந்த மாதிரி இடத்துல மாப்பிள்ளைய விட்டுக்குடுக்க முடியுமா? நாம நாப்பது ஆக்குவோம்."

அந்தப் பத்து வெள்ளிக்குச் சம்பளத்தில் வழியில்லை. பாக்கியத்தின் தையல் காசிலிருந்து போனது. அவளே எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் படத்தை மாட்ட ஆணி தேடப் போனேன்.

பிறகு, விஷயம் மற்ற இருவருக்கும் எட்டியதும், மூன்று மாமனார்களும் லாயாங் லாயாங் கடையின் பின்கட்டில் கூடினார்கள். நான் அப்பாவோடு போயிருந்தேன். அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவரை எங்கே வைத்து உதைப்பது என்பதில் ஆரம்பித்தார்கள்.

"ஒரேயடியா நிறுத்திப்புடுவோம்" என்றார் கங்காணி. "பசி எடுத்தா தன்னால வர்றான்."

"நிறுத்துனா படிப்பு பாதியில நிக்குமே, கங்காணி" என்றார் கடைக்காரர். "பாதி எம்.ஏ.வ வச்சுக்கிட்டு என்ன பண்றது? அரிசின்னா பாதி மூட்டைய விக்கலாம்."

"அதுவும் வாஸ்தவம்" என்றார் அப்பா.

முடிவில் மூவரும் தொடர்ந்து அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. முடித்து வந்ததும் யார் பெண் என்று அவரே சொல்லட்டும். மற்ற இருவருக்கும் போட்டதைத் திருப்பிக் கொடுக்கட்டும். மூன்று பெண்களில் ஒருத்தியைக்கூட யாரும் கேட்கவில்லை. நானும்தான். கடைக்காரர் கொடுத்த பிஸ்கட்டில் மும்முரமாக இருந்தேன்.

மறு வருடம் எம்.ஏ. தேறி வந்து சேர்ந்தார். அதே பின்கட்டு. மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி கைத்தடியைக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை வந்தார், மூவரையும் ஒன்றாகப் பார்த்தார். ஆடிப்போவார் என்று நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு. தனித்தனியா வந்தா மூணு ரயில் சத்தம்" என்று உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தேதி, தொகை, மணியார்டர் எண். எங்கள் வீட்டு முட்டைகள் மட்டும் இல்லை. "நான் யாரையும் ஏமாத்தல. நீங்க மூணு பேரும் என் கல்வி நிதி. நாலு சதவீத வட்டியோட திருப்பித் தருவேன். பி.எல். முடிச்ச மூணாவது வருஷம் ஆரம்பம். அந்த பி.எல்.லுக்கும் உங்க ஒத்தாசை இருந்தா வட்டி அஞ்சா ஆக்கலாம்."

"பொண்ணு?" என்றார் கங்காணி. தடியால் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

"கல்யாணம் என் திட்டத்துல முப்பத்திரண்டாவது வயசுல வருது. இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"எவன் பொண்ணுன்னு கேக்குறேன்."

அவர் பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார். "அந்தக் கட்டம் இன்னும் காலி."

அதில் என்ன மரியாதை கண்டார்களோ தெரியவில்லை. காலிக் கட்டம் என்றதும் மூன்று பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம். தடி மூட்டையில் சாய்ந்தது. அவர் ஆளுக்கொரு ரசீது எழுதிக் கொடுத்தார். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வழி முழுவதும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த நாலு வருஷம் காத்திருந்தா எனக்கு இருபத்தஞ்சு முடிஞ்சு இருபத்தாறாகும்பா" என்றாள் பாக்கியம், விஷயம் கேட்டதும். கோபமாகச் சொல்லவில்லை. துணிக்கு அளவு சொல்வது மாதிரி சொன்னாள்.

"எம்.ஏ.ம்மா" என்றார் அப்பா.

பி.எல். நடக்கவில்லை. ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒன்றை வெட்டினார். தோட்டத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். கங்காணி தனக்கென்று வாங்கிப் போட்டிருந்த பதினைந்து ஏக்கர் ரப்பரை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போனார். வாங்கியவர் யார் தெரியுமா? நம் எம்.ஏ.தான். மூன்று மாமனார்கள் அனுப்பிய பணத்தில் மிச்சம் பிடித்து ஊரில் வயல் வாங்கியிருந்தாராம். அதை விற்று இதை வாங்கினார். கங்காணி தன் பணத்துக்கே தன் நிலத்தை விற்ற முதல் மனிதர். வாங்கிய கையோடு, குளுவாங்கில் பழைய வாத்தியார் வேலையிலும் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாள் என்னைக் காப்பிக் கடைக்குக் கூப்பிட்டார். காப்பிக்கு நான் காசு கொடுத்தேன்.

"மச்சான், இப்ப எல்லாமே விலை இறங்கிக் கிடக்கு. கல்யாணத்த இப்ப முடிச்சா பாதிச் செலவு. முப்பத்திரண்ட முன்னால கொண்டு வந்துட்டேன்."

"கட்டம், மாப்பிள்ளை?"

"ஒப்பிட்டுப் பாத்தேன். கங்காணி பொண்ணு கப்பல் ஏறிருச்சு. கடைக்காரர் பொண்ணுன்னா, அவர் கடை மேல கடன் இருக்கு. உன் தங்கச்சிதான் முன்னால நிக்குது. தையல்ல மாசம் பதினெட்டு வெள்ளி வருதே." அதை எப்படி அறிந்தார் என்று நான் கேட்கவில்லை. நானே எப்போதோ பெருமையடித்திருப்பேன். "உங்கப்பாவுக்கு நான் தர வேண்டியத சீதனத்துல கழிச்சுக்கலாம். மிஷின் கூட வரணும். நகைய வற்புறுத்த மாட்டேன்."

"ரொம்ப நன்றி, மாப்பிள்ளை" என்றேன். என் நாக்கை அப்போதே வெட்டியிருக்க வேண்டும்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பளம் வெட்டுப்பட்ட வருடத்தில், கையிலிருந்து ஒரு காசு போகாமல், நிலத்தோடு ஒரு எம்.ஏ. வெள்ளிக்கிழமை பதில் சொல்லிவிடுவதாக ஆள் அனுப்பினார்.

வியாழக்கிழமை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுப்பதுமாகத் திரிகிற, அதிகம் பேசாத ஆள். தன் வெள்ளைக் கோட்டுகளைப் பாக்கியத்திடம் தைக்கக் கொடுப்பார். நான்கு மாதத்தில் ஆறு கோட்டு தைத்துக்கொண்டார் என்பதை நான் கவனித்ததில்லை. கூடவே அவருடைய தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். இருவரும் கூலி ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்து ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். தாம்பாளத்தில் சேலை, தேங்காய், பழம், மஞ்சள் துணியில் முடிந்த ஐம்பது வெள்ளி.

"பரிசம் கொண்டாந்திருக்கோம், கிராணி ஐயா" என்றார் தகப்பன். "கூடக் கேட்டாலும் தவணையில கட்டிப்புடுறோம்."

லயத்தில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பணம் கட்டிப் பெண் கேட்பார்கள். பங்களாப் பக்கம் குடியிருக்கும் கிராணி குடும்பங்களான நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். நாங்கள் படித்தவர்கள். பெண்ணையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்போம்.

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "லயத்து வழக்கத்த என் வாசலுக்குக் கொண்டு வர்றீங்களா? என் பொண்ணுக்கு எம்.ஏ. மாப்பிள்ளை காத்துக்கிட்டிருக்கார்."

டிரெசர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தாய் தாம்பாளத்தைத் தூக்கப் போனாள். மிஷின் சத்தம் நின்றது. பாக்கியம் அறைக்குள்ளிருந்து வந்து, தாம்பாளத்தின் விளிம்பில் கை வைத்தாள்.

"இருக்கட்டும், அத்தை" என்றாள். அப்பாவைப் பார்த்தாள். "நாலு வருஷமா குடுத்துப் பாத்துட்டோம்பா. ஒரு தடவ வாங்கிப் பாப்போம்."

"பாக்கியம், அவர் நாளைக்கு..."

"மிஷின் வேணும்னு கேட்டாராமே. இவங்க மிஷினக் கேக்கல. என்னக் கேட்டு வந்திருக்காங்க."

அப்பா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உருப்படியாக ஒன்று செய்தேன். உள்ளே போய் உட்காரப் பாய் கொண்டுவந்து போட்டேன். டிரெசரின் தகப்பன் அதில் உட்கார்ந்தார். அப்பா நின்றபடியே இருந்தார். பாக்கியம் தாம்பாளத்தை எடுத்துச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, எல்லோருக்கும் காப்பி கலந்தாள். இரண்டாம் தடவை அவள் குவளையை நீட்டியபோதுதான் அப்பா உட்கார்ந்து வாங்கினார்.

வெள்ளிக்கிழமை குளுவாங்குக்குப் போய் பதில் சொன்னவன் நான். அடிப்பாரோ என்று சற்றுத் தள்ளியே நின்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் உறை இல்லை போலும். நோட்டைத் திறந்து எதையோ அடித்தார். "பரவாயில்ல, மச்சான். கழிக்க முடியாமப் போச்சு, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். கல்யாணம் என்னைக்கு?"

கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார். முதல் பந்தியிலும் உட்கார்ந்தார், மூன்றாவது பந்தியிலும் உட்கார்ந்தார். மொய் எழுதும் மேசையில் நான் இருந்தேன். இரண்டு வெள்ளியை நீட்டினார். அவர் கையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பணம் வருவதைப் பார்க்கிறேனே என்று இரண்டு தடவை எண்ணினேன். பெயரை எழுதினேன். தொகையை எழுதினேன். அவர் குனிந்து, என் காதோடு சொன்னார்.

"உங்கப்பாவுக்கு நான் தர வேண்டியதுல இதக் கழிச்சுடு, மச்சான்."

கழித்தேன்.